இரண்டாவது சரணம்

பாடகிக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. எனக்கு அந்த உத்தரவைப் போட்டது முழங்கால் மூட்டுதான். மேடை ஏறும்போது ஒருவர் கை கொடுக்க வேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் தாங்க வேண்டும் என்று ஆனதும், "போதும் கோமதி, வீட்டுக்குப் போ" என்று நானே எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தி அனுப்பி வைத்துவிட்டேன்.

ஆனாலும் யாரும் சும்மா இருக்க விடுவதில்லை. போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் பழைய குழுவில் இப்போது பாடும் நித்யா என்ற பெண் என்னை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தாள். இப்போது மேடையில் வாத்தியக்காரர்கள் கிடையாது. கைப்பேசியில் இசை ஓடும், அதன் மேல் இவர்கள் பாடுவார்கள். நித்யாவுக்கு நல்ல குரல். பல்லவி முடிந்து சரணத்துக்கு ஏறும் நேரம் பார்த்து அந்தக் கைப்பேசிக்கு யாரோ அழைத்துவிட்டார்கள். இசை நின்றது, மண்டபம் முழுக்க மணி அடித்தது. அழைத்தது அவள் அம்மாவாம், சாப்பிட்டாயா என்று கேட்க. கூட்டம் சிரித்தது. நித்யா மைக்கைப் பிடித்துக்கொண்டு முழித்தாள். தொடர்ந்து பாட வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யம்மா, ஒங்க காலத்துல இப்படி வாத்தியம் நின்னு போனா என்ன செய்வீய?"

"நின்னு போறதா? எங்களுக்கு வெடிச்சே போச்சு பிள்ள" என்றேன்.

அவள் விடவில்லை. பாயசம் ஆறும்வரை கதை கேட்டாள். கடைசியில், "இதை எழுதிக் குடுங்கம்மா, எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும்" என்றாள். பாட்டுக்காரியை எழுதச் சொன்னால் இழுத்து இழுத்துத்தான் எழுதுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாட வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பிறந்தேன். கோயிலில் தேவாரம், பள்ளிக்கூடத்தில் போட்டிப் பாட்டு, அப்புறம் டைப்ரைட்டிங் பரீட்சை. டைப்ரைட்டிங்கில் தோற்றேன், பாட்டில் தேறினேன். கல்யாணம் ஆகி வந்த இடத்தில் என் வீட்டுக்காரர், "பாடு, ஆனா வீட்டுல குழம்பு கரிக்கக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். குழம்பு பலமுறை கரித்தது. அவர் ஒன்றும் சொன்னதில்லை.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் சண்முகவேல் அண்ணாச்சி. மெல்லிசைக் குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பார். பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. வயல் எல்லாம் தாத்தா காலத்தோடு போய்விட்டது, அந்த வீட்டு மிடுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. யாரையும் திட்ட மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல், "நல்லாருக்கு." அதை மூன்று விதமாகச் சொல்வார். இழுத்துச் சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. சாதாரணமாகச் சொன்னால் பிழையில்லை, பிழைத்தாய். வெடுக்கென்று சொன்னால் நாளைக்கு ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும். நான் அவரிடம் பாடிய காலம் முழுவதும் அந்த முதல் வகை எனக்குக் கிடைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் விரல் மிஞ்சும்.

எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையைப் பார்க்க மாட்டார். நேரே மைதானத்தின் கடைசிக்குப் போவார். கடைசி வரிசையில் உட்காரப் போகிறவன் எங்கே உட்காருவானோ அங்கே நின்று ஒரு தடவை கை தட்டுவார். அந்தச் சத்தம் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கரை எங்கே வைப்பது, தபேலாவுக்கு எத்தனை மைக் என்று சொல்வார். "முன்னால இருக்கவன் மொகத்தைப் பாக்க வந்திருக்கான். பின்னால இருக்கவன்தான் பாட்டுக் கேக்க வந்திருக்கான்" என்பார்.

ஊர்க் கோயில் கொடை விழாக்களில் இன்னொரு சட்டம் வைத்திருந்தார். சாமியாடி மேடைப் பக்கம் வந்தால் எந்த வரியில் இருந்தாலும் பாட்டை நிறுத்திவிட வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு கொடையில் காதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் திருநீறும் சந்தனமுமாகச் சாமியாடி வந்து எனக்கு நேரே நின்றார். நான் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டேன். சாமி என்னையே உற்றுப் பார்த்தது. "ஏன் நிறுத்துனே?" என்றது சாமி. "நல்லாத்தானே போச்சு? முழுசும் பாடு." அன்றைக்குச் சாமி ஆடி முடிக்கும்வரை காதல் பாட்டாகப் பாடினேன். அண்ணாச்சி கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து சிரித்ததை நான் பார்த்துவிட்டேன், ஆனால் கேட்டபோது இல்லை என்று சாதித்தார்.

இனி நித்யா கேட்ட கதை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் அண்ணாச்சியைத் தேடி வந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் மூன்று பேர் ஓய்வு பெறுகிறார்கள். அப்படி ஓய்வு பெறுகிறவர்களுக்கு வழக்கமாக ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு போட்டோ. மறுநாள் தோட்டம் கொடுத்த லைன் வீட்டை ஒப்படைத்துவிட்டு மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இந்தத் தடவை தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்து, "என்ன செய்யணும்?" என்று அந்த மூவரையும் கேட்டிருக்கிறார்கள். அதில் செல்லத்தாய் என்ற பெண், "எனக்குப் பாட்டுக் கச்சேரி வேணும்" என்று சொல்லிவிட்டாளாம். அண்ணாச்சி அதைக் கேட்டு, பேச்சை முடிக்கக்கூட விடாமல் ஒப்புக்கொண்டார்.

கச்சேரி பகலில்தான். இருட்டினால் அந்த மைதானம் யானைக்கும் காட்டு மாட்டுக்கும் சொந்தம். காலை பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேர் ஏறினோம். அண்ணாச்சி, நான், ஒரு ஆண் பாடகர், ஒரு மைக் செட்காரர், அப்புறம் தபேலாவும் டோலக்கும் வாசிக்கும் காசி. காசி வாத்தியங்களைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் எங்களுக்குக் குமட்டியது, அவன் டோலக்கைத்தான் தடவிக் கொடுத்தான்.

இறங்கிய இடத்தில் ஒல்லியாக ஒரு அம்மா நின்றாள். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, வாய் நிறைய வெற்றிலை. "பாடுற பிள்ள நீதானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் செல்லத்தாய்.

"எனக்கு ஒரே ஒரு பாட்டு வேணும்மா. பழைய படத்துத் தாலாட்டு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கணக்குப்பிள்ள ரேடியோவுல வரும். ஆனா எப்ப வந்தாலும் கடைசிப் பாட்டாத்தான் வருது. முதல் சரணம் முடியும், பாக்டரியில சங்கு ஊதிருவான். கூடையைத் தூக்கிட்டு ஓடணும். நான் வந்த நாளையில இருந்து அந்த ரெண்டாவது சரணத்துல என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரியாது."

முதல் வரியை மெதுவாகப் பாடிக் காட்டினாள். எனக்குத் தெரிந்த பாட்டுதான், இரண்டு சரணமும் தெரியும். "பாடுதேன் பெரியம்மா" என்றேன்.

"நாளைக்கு நான் களக்காட்டுக்குப் போயிருவேன், மக வீட்டுக்கு. இன்னைக்கு விட்டா இல்ல பாத்துக்கோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

கச்சேரி நடக்கும் இடம் பெரட்டுக்களம், அதாவது காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் மைதானம். அண்ணாச்சி வழக்கம்போலக் கடைசிக்குப் போய்க் கை தட்டினார். எதிர் மலை திருப்பித் தட்டியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தடவை தட்டினார். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது, சத்தம் பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி அமுங்கிப் போனது. இரண்டு அடி தள்ளி நின்ற காசி கண்ணுக்குத் தெரியவில்லை, அவன் குரல் மட்டும் வந்தது. "அண்ணாச்சி, டோலக்கு தொங்கிப் போச்சு."

ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும். தட்டினால் தொப் தொப்பென்று இருக்கும். கீழே மழைக்காலத்தில் நாங்கள் கரி அடுப்பில் காட்டுவோம். அதற்கும் அண்ணாச்சியிடம் ஒரு முறை உண்டு. தோலை நெருப்புக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மனதுக்குள் ஒரு பல்லவி பாட வேண்டும். பல்லவி முடிந்தால் திருப்ப வேண்டும். மறுபக்கத்துக்கு இன்னொரு பல்லவி. விறகு அடுப்பு கூடாது, புகை தோலில் ஏறும். காசியை அவர் இதைச் செய்ய விட்டதே இல்லை. "ஒனக்குப் பொறுமை பத்தாதுலே" என்பார்.

அங்கே கரியும் இல்லை, காய்ந்த விறகும் இல்லை. பாக்டரியில் தேயிலை உலர்த்தும் வேலையைப் பார்க்கும் டீ மேக்கர் என்பவர், "பாக்டரிக்கு வாங்க அண்ணாச்சி, எங்கிட்ட இல்லாத சூடா?" என்று கூப்பிட்டார். உலர்த்தும் இயந்திரத்தின் வாயிலிருந்து வெந்த காற்று குப்பென்று அடித்தது. அண்ணாச்சி தானே பார்த்து, தானே இடம் தேர்ந்து, தபேலாவையும் டோலக்கையும் ஒரு பலகையில் வைத்தார். கண்ணை மூடிப் பல்லவியைத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து டீ மேக்கர் ஒரு வெள்ளைக் கோப்பையை நீட்டினார். "இது இன்னைக்குப் போட்ட தூள். வாயில வச்சுப் பாருங்க."

சண்முகவேல் அண்ணாச்சிக்கு உலகத்தில் இரண்டு பலவீனம். ஒன்று சங்கீதம், இன்னொன்று டீ. முதல் கோப்பையை உறிஞ்சினார். இரண்டாவது நீண்டது. இது மேல் காட்டு இலை, அது கீழ்க் காட்டு இலை என்று டீ மேக்கர் சொல்லச் சொல்ல இவர் தலையாட்டினார். நானும் காசியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலைவர் பல்லவி பாடும்போது இடையில் பேசக் கூடாது என்பது சட்டம். மூன்றாவது கோப்பையில் டப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு டப்.

டோலக்கின் தோல் குறுக்காகக் கிழிந்திருந்தது. தபேலாவின் நடுவில் இருந்த கருப்பு மை பாளம் பாளமாகப் பெயர்ந்து, தோலும் ஓரத்தில் வாய் பிளந்திருந்தது. அண்ணாச்சி கோப்பையைக் கீழே வைத்தார். கிழிந்த தோலை விரலால் ஒரு தடவை தடவினார்.

"நல்லாருக்கு" என்றார். மூன்றாவது வகை. அவர் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன்.

வெளியே ஜனம் சேர ஆரம்பித்துவிட்டது. சாக்கை விரித்து, பிள்ளைகளை மடியில் வைத்து, முன் வரிசையில் மூன்று நாற்காலி போட்டு மூவரையும் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணாச்சி கீபோர்டில் உள்ள ரிதம் பட்டனை அழுத்திப் பார்த்தார். உள்ளே இருந்து ஏதோ வெளிநாட்டு நடன ஓட்டலில் போடுவது போல ஒரு தாளம் டிஷும் டிஷும் என்று வந்தது. அதில் தாலாட்டுப் பாடினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து ஓடிவிடும். செல்லத்தாய் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளமே இல்லாமல் பாடிவிடலாமா என்று யோசித்தேன். அந்த அம்மா இவ்வளவு காலம் காத்திருந்து கேட்பது மொட்டையான பாட்டாகவா இருக்க வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காசி போய், மைதானத்தின் ஓரத்தில் அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். பிளைவுட் பலகையில் செய்து, ஓரத்தில் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டிகள். தூள் ஏற்றி அனுப்புவது அதில்தான். மலையை விட்டு இறங்குகிறவர்கள் வீட்டுச் சாமான் கட்டுவதும் அதில்தான். துக்கத்திலும் அவன் விரல் சும்மா இருக்காது. கவிழ்த்து வைத்திருந்த பெட்டியை, தொங்கப் போட்ட கைகளால் தட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி தலையைச் சாய்த்தார். "லே காசி. திரும்பத் தட்டு."

காசி திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

"தட்டுலேங்கேன்!"

தட்டினான். ணங் என்று கேட்டது. பக்கத்துப் பெட்டியைத் தட்டினான், தும் என்றது. அதற்கடுத்ததைத் தட்டியதும் தும்மோடு சேர்ந்து ஜல் என்று ஒரு சிலிர்ப்பு. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குனிந்து ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் செல்லத்தாய் நாற்காலியை விட்டுப் பாய்ந்து வந்தாள்.

"ஏ அய்யா! அது என் சாமான்வே! என்ன இந்த அடி அடிக்கீரு, உள்ள கண்ணாடிக் கிளாசு கெடக்கு!"

காலையிலேயே வீட்டை ஒழித்துக் கட்டி வைத்துவிட்டாளாம். விஷயத்தைச் சொன்னோம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். வாயிலிருந்த வெற்றிலையைப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். பிறகு ஒரு பண்ணையாரம்மா சொத்தைக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இதுல துணிமணி, என்ன வேணும்னாலும் அடி. இதுல சட்டி, கரண்டி, தட்டு, கிளாச மட்டும் வெளிய எடுத்துருதேன். இது வெறும் பெட்டி. அங்கன இருக்கதைத் தொட்டுராதிய, அதுல கோழி."

துணிப் பெட்டி கனமான அடிக்கு. வெறும் பெட்டி கூர்மையான அடிக்கு. சட்டிப் பெட்டியைக் காசி உள்ளங்கையால் தட்டும்போதெல்லாம் கரண்டிகள் குலுங்கிச் சலங்கை கட்டிய மாதிரி ஒலித்தன. மைக்கை நடுவில் வைத்தார்கள். கோழிப் பெட்டியைத் தூரக் கொண்டு போனார்கள். அது அங்கிருந்தும் அவ்வப்போது தாளம் போட்டது.

கச்சேரி களை கட்டிவிட்டது. மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. நான் பாடும்போது சில சமயம் மூன்று வரிசை மட்டும் தெரியும், மிச்சம் எல்லாம் கைதட்டல்தான். தங்கள் வேலைப் பெட்டி பாடுகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் கூடக் கூடத் தட்டினார்கள். "எக்கா, உன் கரண்டி சுதி சேருது!" என்று ஒருத்தி கத்தினாள். அண்ணாச்சி நடுவில் டீ மேக்கரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். கிழிந்த தோல் விஷயத்தில் கூனிக் குறுகிப் போயிருந்த அந்த மனிதர் ஓட்டமாக பாக்டரிக்குப் போனார்.

பிறகு அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தாலாட்டு.

பல்லவி பாடினேன். காசி விரல் நுனியால் மட்டும் தட்டினான். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதுக்கு முன்னால் கீபோர்டு தனியாகக் கொஞ்சம் வரும். அந்த இடத்தில்தான் அதைப் பார்த்தேன். செல்லத்தாய் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். அவள் மட்டும் இல்லை, மைதானத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் பாதி எழுந்து பாக்டரிப் பக்கம் பார்த்தார்கள். அந்த இடம் வந்தால் சங்கு ஊதும், எழுந்து ஓட வேண்டும் என்பது உடம்பிலேயே ஊறிவிட்டது.

சங்கு ஊதவில்லை. டீ மேக்கர் அங்கே போய்க் காவல் நின்றுகொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு அத்தனை பேரும் திரும்ப உட்கார்ந்தார்கள். செல்லத்தாய் மெதுவாக உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, வகுப்பில் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்தாள்.

நான் இரண்டாவது சரணத்தைப் பாடினேன். எத்தனையோ ஊரில் பாடியதுதான். அன்றைக்கு மட்டும் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து பாடினேன். கடைசிச் சொல் முடிந்து, பெட்டியில் கரண்டிச் சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் பாக்டரிச் சங்கு ஊதியது, மிக நீளமாக. அன்றைக்கு அதைக் கேட்டு யாரும் ஓடவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். இரண்டாவது வகைதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கு மேல் எப்படிப் பாடுவதாம்?

மறுநாள் காலை பஸ்ஸில் நாங்களும் அந்த மூன்று பெண்களும் சேர்ந்தே இறங்கினோம். பெட்டிகளைக் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். லைன் வீட்டுப் பெண்கள் பஸ்ஸைச் சுற்றி நின்று அழுதார்கள். செல்லத்தாய் மட்டும் அழவில்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தேயிலைச் சரிவு ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. கூரையில் துணிப் பெட்டி சரிந்து தும் என்றது, சட்டிப் பெட்டி ஜல் என்றது. அடுத்த வளைவில் மறுபடி தும், ஜல். செல்லத்தாய் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு.

"ஏட்டி, கச்சேரி இன்னும் முடியலட்டி" என்றாள்.

சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். பல்லவி இல்லை, முதல் சரணம் இல்லை. நேரே இரண்டாவது சரணம். ஒரே ஒரு தடவை கேட்டது, ஒரு சொல் மாறவில்லை. குரல் கரகரவென்றுதான் இருந்தது. வளைவு வரும்போது சொல்லை இழுத்துப் பிடித்து, கூரையில் தும் ஜல் விழுந்ததும் விட்டாள். மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் வேண்டுமென்றே பைய ஓட்டினார். பாடப் பாட அவள் கண்ணில் நீர் இறங்கியது, அதைத் துடைக்காமலே பாடினாள்.

முன் சீட்டில் இருந்த அண்ணாச்சி திரும்பினார். தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாஆஆருக்கு" என்றார்.

முதல் வகை. இவ்வளவு நீளமாக அதை நான் கேட்டதே இல்லை. பொறாமையாகத்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கோமதி" என்றார், "கீழ போறதுக்குள்ள அந்தச் சரணத்தை அந்த அம்மாகிட்ட கேட்டுப் படிச்சுக்கோ."

படித்துக்கொண்டேன். மூட்டு என்னை மேடையிலிருந்து இறக்கிவிடும் வரைக்கும் அந்தச் சரணத்தை அவள் பாடியபடியேதான் பாடினேன், வளைவு வரும் இடத்தில் ஒரு இழுப்பு இழுத்து.